புயலுக்குப் பின்னர் யார் பொறுப்பு? அமெரிக்க அனர்த்த முகாமைத்துவம் கற்றதும் மறந்ததும்

2005 செப்டெம்பர் 1, வியாழக்கிழமை. கத்ரினா சூறாவளி கரையைக் கடந்து நான்காவது நாள். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகர மாநாட்டு மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் உணவும் தண்ணீரும் இன்றித் தவித்துக்கொண்டிருந்தனர். சக்கர நாற்காலியில் உயிர்பிரிந்த முதியவர்களின் உடல்கள் வெளியே துணியால் மூடப்பட்டுக் கிடந்தன. தொலைக்காட்சிகள் இதை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தன. ஆனால் நாட்டின் அவசரகால முகாமைத்துவத் தலைவரான மைக்கல் பிரவுன், அங்கே மக்கள் இருப்பது அன்றுதான் தங்களுக்குத் தெரியவந்தது என்று அன்றிரவு தொலைக்காட்சியில் கூறினார்.

உலகின் மிகப் பெரிய பொருளாதாரம், மிக வலிமையான இராணுவம், துல்லியமான வானிலை எதிர்வுகூறல் அனைத்தும் உள்ள நாட்டில் இது நடந்தது. புயல் எங்கே, எப்போது தாக்கும் என்பது இரண்டு நாட்களுக்கு முன்பே ஏறத்தாழத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, தாக்கிய பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பின்னர், நாமும் இதே கேள்வியைக் கேட்கிறோம். அமெரிக்காவை முன்மாதிரியாகக் கொள்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அங்கே ஒவ்வொரு தோல்வியும் விசாரிக்கப்பட்டு, எழுதப்பட்டு, பகிரங்கப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவுகள் நமக்கும் பயன்படும்.

கீழிருந்து மேலே செல்லும் அதிகாரம்

அமெரிக்காவில் அனர்த்த முகாமைத்துவம் கீழிருந்து மேலே இயங்குகிறது. முதல் பொறுப்பு நகரத்துக்கும் கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகப் பிரிவுக்கும் உரியது. மக்களை வெளியேற்றுவது, தங்குமிடம் திறப்பது, மீட்புப் பணி ஆகியவை அங்கேயே தொடங்குகின்றன. அவர்களால் சமாளிக்க முடியாதபோது மாநில ஆளுநர் தலையிடுவார். மாநில தேசியக் காவல்படை அவருடைய கட்டளையின் கீழ் இயங்குகிறது. மாநிலத்தாலும் இயலாதபோது ஆளுநர் ஜனாதிபதியிடம் கோரிக்கை விடுப்பார். ஜனாதிபதி அனர்த்தப் பிரகடனம் செய்ததும் சமஷ்டி அரசின் பணமும் ஆளணியும் களமிறங்கும்.

இதற்கான சட்டம் 1988 ஆம் ஆண்டின் ஸ்டஃபோர்ட் சட்டம். வீதிகள், பாடசாலைகள், நீர் வழங்கல் போன்ற பொதுக் கட்டமைப்புகளைச் சீரமைக்கும் தகுதியான செலவில் குறைந்தது 75 சதவீதத்தைச் சமஷ்டி அரசு ஏற்க வேண்டும் என்று அது கூறுகிறது. இதை நடைமுறைப்படுத்துவது ஃபீமா என்று அழைக்கப்படும் சமஷ்டி அவசரகால முகாமைத்துவ முகவரகம். நூற்றுக்கும் மேற்பட்ட அரச அமைப்புகளிடையே சிதறிக் கிடந்த அனர்த்தப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக, 1979 இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அதை உருவாக்கினார்.

ஃபீமாவுக்கு என்று தீயணைப்புப் படையோ, கப்பல்களோ, பெரும் எண்ணிக்கையான மீட்பாளர்களோ இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறரிடம் உள்ளதை ஒன்றுதிரட்டி, தேவைப்படும் இடத்துக்கு அனுப்பி, அதற்கான பணத்தைக் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே அதன் தலைவருக்கு வேண்டியது ஆளுநர்களையும் மேயர்களையும் படைத் தளபதிகளையும் அறிந்திருப்பதும், அவர்களிடம் வேலை வாங்கத் தெரிந்திருப்பதும்தான்.

அன்ட்ரூ கற்பித்த பாடம்

1992 ஓகஸ்ட் 24 அன்று அன்ட்ரூ சூறாவளி தெற்கு புளோரிடாவைத் தாக்கியது. டேட் கவுண்டியில் மட்டும் 25,000 க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மூன்று நாட்களாகியும் போதிய உதவி வந்து சேரவில்லை. அக்கவுண்டியின் அவசரகாலப் பணிப்பாளரான கேட் ஹேல் ஊடகவியலாளர்கள் முன் தோன்றி, நம்மைக் காக்க வரவேண்டிய படை எங்கே என்று ஆவேசமாகக் கேட்டார். அந்தக் கேள்வி நாடு முழுவதும் ஒளிபரப்பானது. அதன் பின்னரே இராணுவமும் சமஷ்டி உதவியும் பெருமளவில் வரத் தொடங்கின.

தாமதத்துக்குக் காரணம், மாநிலத்தின் முறைப்படியான கோரிக்கைக்காக ஃபீமா காத்திருந்ததுதான். எல்லாம் இழந்த ஒரு நிர்வாகத்தால் தனக்கு என்ன தேவை என்பதைப் பட்டியலிட முடியாது. தொலைபேசி இல்லை, வீதி இல்லை, கணக்கெடுக்க ஆளில்லை. பாதிப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குக் கோரிக்கையும் தாமதமாகும்.

1993 இல் பதவியேற்ற பில் கிளின்டன், ஆர்கன்சா மாநிலத்தின் அவசரகாலச் சேவைப் பணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் லீ விட்டை ஃபீமாவின் தலைவராக நியமித்தார். மாநில மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவம் செய்த அனுபவத்துடன் அப்பதவிக்கு வந்த முதல் நபர் அவர்தான். அதுவரை அது அரசியல் நண்பர்களுக்குக் கொடுக்கும் பதவியாகவே பெரிதும் பார்க்கப்பட்டது. விட் காலத்தில் ஃபீமா புயல் வருமுன்பே ஆட்களையும் பொருட்களையும் அருகில் கொண்டுசென்று வைக்கப் பழகியது. வெள்ளம் திரும்பத் திரும்ப வரும் தாழ்நிலங்களில் இருந்த வீடுகளை அரச பணத்தில் வாங்கி, மக்களை மேட்டுநிலங்களுக்கு அனுப்பும் திட்டங்கள் 1993 ஆம் ஆண்டின் மத்திய மேற்கு வெள்ளத்தின் பின்னர் விரிவாக்கப்பட்டன. 1996 இல் ஃபீமா தலைவர் பதவி அமைச்சரவை அந்தஸ்துக்கு உயர்த்தப்பட்டது.

பயிற்சியில் இறந்த 60,000 பேர்

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் நிலைமை மாறியது. 2003 இல் ஃபீமா, புதிதாக உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குள் உள்வாங்கப்பட்டு, தனியான அமைச்சரவை அந்தஸ்தை இழந்தது. கவனமும் பணமும் பயங்கரவாதத் தடுப்பின் பக்கம் சாய்ந்தன. அதே ஆண்டில் தலைமைப் பொறுப்புக்கு வந்த மைக்கல் பிரவுன் ஒரு சட்டத்தரணி. ஃபீமாவில் சேர்வதற்கு முன்னர் அரேபியக் குதிரைகளுக்கான சங்கமொன்றில் பணியாற்றியவர்.

2004 ஜூலையில் லூசியானாவில் ஐந்து நாட்கள் ஒரு பயிற்சி நடந்தது. பாம் என்று பெயரிடப்பட்ட கற்பனைச் சூறாவளி நியூ ஓர்லியன்ஸைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதே கேள்வி. நகரம் நீரில் மூழ்கும், 60,000 க்கும் மேற்பட்டோர் இறப்பர், வாகனம் இல்லாதவர்கள் நகரிலேயே சிக்கிக்கொள்வர் என்ற விடைகள் கிடைத்தன. ஆனால் தொடர் பயிற்சிகளுக்கான நிதி வெட்டப்பட்டது. திட்டம் முழுமை பெறவில்லை. பதின்மூன்று மாதங்களின் பின்னர், 2005 ஓகஸ்ட் 29 அன்று கத்ரினா உண்மையாகவே வந்தது.

வெள்ளத் தடுப்பு மதில்கள் உடைந்ததில் நகரின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. கட்டாய வெளியேற்ற உத்தரவை மேயர் ரே நேகின் அறிவித்தபோது, புயல் கரைகடக்க ஒரு நாள்கூட இருக்கவில்லை. காரில் செல்ல வசதியுள்ளவர்களின் வெளியேற்றம் பெருமளவில் வெற்றிபெற்றது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பிராந்தியத்தை விட்டு வெளியேறினர். காரில்லாத ஏழைகள், முதியவர்கள், நோயாளிகள், அவர்களிலும் பெரும்பாலும் கறுப்பினத்தவர், எஞ்சினர். அவர்களை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய பாடசாலைப் பேருந்துகள் தரிப்பிடத்திலேயே நீரில் மூழ்கின. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்.

இறந்தோர் தொகை 1,800 க்கும் அதிகம் என்று நீண்டகாலம் கூறப்பட்டது. தேசியச் சூறாவளி மையம் 2023 இல் அதனை 1,392 எனத் திருத்தியது.

அந்நாட்களில் எல்லாமே தோற்கவில்லை. கரையோரக் காவல்படை 33,000 க்கும் மேற்பட்டோரை மீட்டது. அதன் உள்ளூர் அதிகாரிகளுக்கு மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் முடிவெடுக்கும் அதிகாரமும், அதற்கான பழக்கமும் இருந்தன. ஆளுநர் கத்லீன் பிளாங்கோவும் வெள்ளை மாளிகையும் தேசியக் காவல்படை யாருடைய கட்டளையின் கீழ் வரவேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர்களுடைய உலங்குவானூர்திகள் கூரைகளிலிருந்து மக்களைத் தூக்கிக்கொண்டிருந்தன. செப்டெம்பர் 9 இல் பிரவுன் களப்பணியிலிருந்து விலக்கப்பட்டபோது, அவருடைய இடத்துக்கு அனுப்பப்பட்டவரும் கரையோரக் காவல்படையின் உப அட்மிரல் தாட் அலன்தான். மூன்று நாட்களின் பின் பிரவுன் பதவி விலகினார்.

சட்டமாகிய பாடம்

2006 இல் அமெரிக்கக் காங்கிரஸ் கத்ரினாவுக்குப் பின்னரான அவசரகால முகாமைத்துவச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் மூன்று அம்சங்கள் முக்கியமானவை.

முதலாவது, ஃபீமாவின் தலைவர் அவசரகால முகாமைத்துவத்தில் நிரூபிக்கப்பட்ட ஆற்றலும், குறைந்தது ஐந்து வருட நிறைவேற்றுத் தலைமைத்துவ அனுபவமும் உள்ளவராக இருக்க வேண்டும். ஒரு பதவிக்கான தகைமையை இப்படிச் சட்டத்தில் எழுதவேண்டி வந்ததே ஒரு குற்றச்சாட்டுத்தான்.

இரண்டாவது, உயிர்காக்கும் தேவை இருக்கும்போது, மாநிலத்தின் முறைப்படியான கோரிக்கை வருவதற்கு முன்னரே பொருட்களையும் ஆட்களையும் நகர்த்தலாம்.

மூன்றாவது, அனர்த்த காலத்தில் ஃபீமாவின் தலைவர் அவசரகால முகாமைத்துவம் பற்றி ஜனாதிபதிக்கு நேரடியாக ஆலோசனை வழங்கலாம்.

செல்லப் பிராணிகளை விட்டுவர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டதால், வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அதே ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. கேட்பவருக்குச் சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஆடுமாடுகளை விட்டு வரமாட்டோம் என்று முகாமுக்குச் செல்ல மறுத்தவர்களைக் கண்ட எவருக்கும் அதன் பெறுமதி புரியும்.

வாஃபிள் கடையும் வரைபடமும்

இந்தச் சட்டத்துக்கு உயிர்கொடுத்தவர் என்று பலரும் குறிப்பிடுவது கிறேக் ஃபியூகேட்டை. தொண்டர் தீயணைப்பாளராகத் தொடங்கி, அவசர மருத்துவ உதவியாளராகி, கவுண்டி அதிகாரியாகி, 2001 இல் புளோரிடா மாநிலத்தின் அவசரகாலப் பணிப்பாளரானவர் அவர். 2004 இல் ஏழு வாரங்களுக்குள் சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் என்று நான்கு சூறாவளிகள் அம்மாநிலத்தைப் பாதித்தபோது அப்பணியை வழிநடத்தினார். 2009 முதல் 2017 வரை ஃபீமாவின் தலைவராக இருந்தார்.

தென் மாநிலங்களில் இருபத்து நான்கு மணிநேரமும் திறந்திருக்கும் வாஃபிள் ஹவுஸ் என்ற உணவகத் தொடரைக் கொண்டு அவர் ஓர் எளிய அளவுகோலை உருவாக்கினார். கடை வழமைபோல் இயங்கினால் பச்சை. குறைந்த உணவுப் பட்டியலுடன் இயங்கினால் மஞ்சள். மின்சாரமோ பொருள் விநியோகமோ தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். மூடியிருந்தால் சிவப்பு, அங்கே உடனே செல்ல வேண்டும். வேடிக்கையாகப் பேசப்பட்டாலும் இதன் தர்க்கம் ஆழமானது. அறிக்கை வந்து சேருமுன் பாதிப்பை ஊகிக்க ஒரு வழி வேண்டும். தனியார் கடைகள் திறந்திருக்கும் இடத்துக்கு அரசு தண்ணீர்ப் போத்தல் கொண்டுசெல்லத் தேவையில்லை. திறக்காத இடத்துக்கே செல்ல வேண்டும்.

மொழியிலும் அவர் ஒரு மாற்றத்தை வலியுறுத்தினார். பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லாதீர்கள், தப்பிப் பிழைத்தவர்கள் என்று சொல்லுங்கள் என்றார். முதலில் உதவுபவர்கள் அயலவர்களே. அவர்களை நிவாரண வரிசையில் நிற்பவர்களாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதே அதன் கருத்து. மாற்றுத்திறனாளிகள், சிறுவர்கள், முதியவர்களின் தேவைகளைத் திட்டத்தின் பின்னிணைப்பாக அல்லாமல் திட்டத்தின் நடுவிலேயே வைக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். மாற்றுத்திறனாளிகளை ஒருங்கிணைப்பதற்கான அலுவலகம் ஒன்று 2010 இல் ஃபீமாவுக்குள் உருவானது.

மரியா: எண்ணப்படாத மரணங்கள்

இத்தனை பாடங்களுக்குப் பிறகும் 2017 வந்தது. ஓகஸ்ட் இறுதியில் டெக்சாஸில் ஹாவி, செப்டெம்பர் 10 இல் புளோரிடாவில் இர்மா, செப்டெம்பர் 20 இல் புவேர்ட்டோ ரிக்கோவில் மரியா. மூன்றாவது புயல் வந்தபோது ஃபீமாவின் அனுபவமிக்க ஆளணி ஏற்கெனவே வேறிடங்களில் இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோ களஞ்சியத்தில் இருந்த பொருட்களின் பெரும்பகுதி இர்மாவின்போதே வெளியே சென்றுவிட்டது. ஃபீமாவே 2018 இல் வெளியிட்ட மீளாய்வில் இவற்றை ஒப்புக்கொண்டது.

3 கோடி உணவுப் பொதிகளை வழங்கும் 156 மில்லியன் டொலர் ஒப்பந்தம், அத்தகைய வேலையில் அனுபவமற்ற ஒரு சிறு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. 50,000 பொதிகளே வந்து சேர்ந்த நிலையில் அது இரத்துச் செய்யப்பட்டது. தீவு முழுவதும் மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் எடுத்தன.

ஆரம்பத்தில் அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட இறப்பு எண்ணிக்கை 64. தீவின் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்வுசெய்து 2018 ஓகஸ்டில் வெளியிட்ட எண்ணிக்கை 2,975. புயலால் இறந்ததாக உறுதிசெய்யப்பட்டவர்களை மட்டும் எண்ணியது முதலாவது கணக்கு. புயலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் வழமையைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தனர் என்று பார்த்தது இரண்டாவது. மின்சாரமின்றி இயங்காத ஒட்சிசன் கருவி, கெட்டுப்போன இன்சுலின், வைத்தியசாலைக்குப் போக முடியாத வீதி எல்லாம் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கும். வறிய நகரசபைப் பகுதிகளிலும் முதிய ஆண்களிடையேயும் ஆபத்து அதிகமாக இருந்தது.

எண்ணிக்கை வெறும் புள்ளிவிபரமல்ல. அனர்த்தம் சிறியது என்று மேலிடம் நம்பினால், உதவியும் சிறியதாகவே வரும்.

வெள்ளம் வடிந்த பின்னர் தொடங்கும் அநீதி

மீட்புப் பணி வாரக்கணக்கில் முடிந்துவிடும். மீட்சி வருடக்கணக்கில் நீளும். ஊடகங்கள் போன பிறகு நடப்பதால் அதன் தவறுகள் வெளியே தெரிவது குறைவு.

கத்ரினாவுக்குப் பின் வீடுகளைத் திருத்த லூசியானாவில் நடைமுறைப்படுத்தப்பட்ட ரோட் ஹோம் திட்டத்தில், புயலுக்கு முந்தைய வீட்டின் சந்தைப் பெறுமதி அல்லது திருத்தச் செலவு ஆகிய இரண்டில் குறைந்த தொகையின் அடிப்படையில் மானியம் கணிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டின் சந்தைப் பெறுமதி குறைவு. ஆனால் கூரைத் தகடும் மரமும் எல்லா இடத்திலும் ஒரே விலை. ஒரே அளவான வீடு, ஒரே அளவான சேதம், ஆனால் மானியத்தில் பெரிய வித்தியாசம். இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத சூத்திரம் இனரீதியான விளைவைத் தந்தது. 2008 இல் வழக்குத் தொடரப்பட்டது. 2011 இல் 62 மில்லியன் டொலர் மேலதிகக் கொடுப்பனவுடன் அது இணக்கத்துக்கு வந்தது. அதற்குள் ஆறு வருடங்கள் கடந்துவிட்டன.

புவேர்ட்டோ ரிக்கோவில் தடையாக நின்றது உறுதிப்பத்திரம். பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் வாழ்வான். ஆனால் பெயர் மாற்றப்பட்டிருக்காது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விண்ணப்பங்கள் உரித்தை நிரூபிக்க முடியவில்லை என்று நிராகரிக்கப்பட்டன. வேறு ஆவணம் இல்லாத பரம்பரை வீடுகளுக்கு உரிமையாளரின் சுய உறுதிமொழியை ஏற்கலாம் என்று ஃபீமா 2021 இல்தான் விதியை மாற்றியது.

லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தும் காணி உறுதி இல்லாத நமது மலையக மக்களை நினைக்கும்போது, இது தொலைதூரத்துக் கதையாகத் தெரியவில்லை. சேதமடைந்த வீட்டுக்கு இழப்பீடு என்று அறிவிப்பது எளிது. அது யாருடைய வீடு என்ற கேள்வியில்தான் வறியவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

முன்னரே செலவிடும் பணம்

அமெரிக்கத் தேசியக் கட்டட விஞ்ஞான நிறுவகத்தின் ஆய்வின்படி, சமஷ்டி மானியத்தில் முற்காப்புக்காகச் செலவிடும் ஒரு டொலர், பின்னாளில் ஏற்படும் இழப்பில் சராசரியாக ஆறு டொலர்களை மிச்சப்படுத்துகிறது. நியூ ஓர்லியன்ஸைச் சுற்றி ஏறத்தாழ 14.5 பில்லியன் டொலர் செலவில் மதில்களும் வாயில்களும் நீரிறைக்கும் நிலையங்களும் அமைக்கப்பட்டன. 2021 இல் கத்ரினா வந்த அதே ஓகஸ்ட் 29 இல் ஐடா சூறாவளி வந்தபோது அந்த அமைப்பு தாங்கி நின்றது.

ஆனால் மின்சாரம் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. வெள்ளத்திலிருந்து காக்கப்பட்ட நகரில் முதியவர்கள் வெப்பத்தால் இறந்தனர். கடந்த அனர்த்தத்துக்கு மட்டும் தயாராவது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

மீண்டும் தொடக்கத்துக்கு

2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், ஃபீமாவை மீளாய்வு செய்ய ஒரு பேரவையை அமைத்தார். பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிடலாம் என்றும் கூறினார். ஃபீமாவின் பதில் தலைவரான கமரன் ஹமில்டன், முகவரகத்தை ஒழிப்பது மக்களின் நலனுக்கு உகந்ததல்ல என்று மே மாதம் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தார். மறுநாள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த டேவிட் ரிச்சட்சன், அவசரகால முகாமைத்துவப் பின்னணி இல்லாதவர் என்ற விமர்சனத்தின் மத்தியில், நவம்பரில் பதவி விலகினார். ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்ற 2006 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. பதில் கடமை என்ற வழியாக அதைத் தாண்டிச் செல்ல முடிந்திருக்கிறது.

1992 இலும் 2005 இலும் 2017 இலும் ஒரே பாடம் மூன்று முறை கற்கப்பட்டது. புயல்கள் வராத வருடங்களில் அது மறக்கப்பட்டது.

இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் 2005 இல்தான் வந்தது. சுனாமி வந்து சில மாதங்களின் பின்னர். அதன் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மாவட்ட மட்டக் கட்டமைப்பும் இன்றும் உள்ளன. எச்சரிக்கை மலையடிவாரத்தில் உள்ள கடைசி வீட்டுக்கு அந்த வீட்டாரின் மொழியில் எத்தனை மணிநேரத்துக்கு முன் போனது? மாவட்டச் செயலாளர் கொழும்பின் அனுமதிக்குக் காத்திராமல் எந்த முடிவுகளை எடுக்க முடிந்தது? மண்சரிவில் உயிர்தப்பி, மருந்தில்லாமல் பின்னர் இறந்தவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்? உறுதி இல்லாத வீட்டுக்காரருக்குக் கொடுப்பனவு கிடைத்ததா?

அடுத்த பருவமழைக்கு முன் இந்தக் கேள்விகளை நமது பிரதேச செயலகங்களிலும் பாராளுமன்றத்திலும் கேட்க வேண்டும். புயல் நடுவில் கேட்டால் பதில் சொல்ல அங்கே எவருக்கும் நேரம் இருக்காது.